பொதியும் பாயிரமும்: வரைகலை நிறுவிகள் காட்டுவனவும் மறைப்பனவும்

நூலொன்றைக் கையிலெடுப்பவர் அதனுட் புகுமுன் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் வினாவைத் தமிழிலக்கண மரபு மிகவும் பொருட்படுத்தி ஆராய்ந்துள்ளது. அதனை ஆக்கியவர் யார், அஃது எதன் வழிவந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, பெயர் யாது, எதனோடு யாப்புற்றது, எப்பொருளை நுதலியது, கேட்டற்குரியோர் யாவர், கேட்டலாற் பெறும் பயன் என்ன என்றவாறு எட்டினைப் பாயிரம் உணர்த்தவேண்டுமென்பது பவணந்தியார் கொள்கை. இவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையுங் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். பாயிரமற்றதைப் பனுவலாகவே ஏற்க நன்னூலார் உடன்படவில்லை.

பாயிரத்தை இங்கு நாம் எடுத்துக்கொண்டது பழம்பெருமை பேசுதற்கன்று. அப்பணியைச் செய்வோர் தொகை எம்மிடையே ஏற்கெனவே போதிய அளவினது. இன்று தமிழில் எழுதுவோரும் அச்சிடுவோரும் பழைய ஏடுகளை மின்வருடி ஆவணப்படுத்துவோரும் மென்பொருளின்றி இயங்குவதில்லை. அம்மென்பொருளை எமது கணினியினுள் கொணர்ந்து சேர்க்கும் கருவிக்கு முகமாக அமைவது ஒரு சாளரம். அச்சாளரத்தில் படங்களும் பொத்தான்களும் உள, எழுத்தும் உண்டு. எனவே அதுவும் ஒரு பனுவலே. அது எதைக் கூறுகிறது, எதைக் கூறாது விடுகிறது, யார் நலன் கருதி விடுகிறது என்று வினவுதல் இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டதென நாம் கருதவில்லை.

இவ்வினா எமக்கு ஏட்டுப்படிப்பினால் எழுந்ததன்று. திருகோணமலையில் உட்துறைமுகத்தை அடுத்துள்ள வாசிகசாலையொன்றிற் பழைய கணினி ஒன்று உண்டு. துறைமுகத்தில் மூடை சுமந்தும், சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களிலும் மா ஆலையிலும் உழைத்தும் ஓய்ந்த முதியோர் சிலரது நினைவுகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்திற் பெயர்த்து, அக்கணினியில் நாம் சேர்த்துவந்தோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டதை வாசகர் மறந்திரார். அக்காலத்தில் ஒருநாள், கட்டற்ற இயங்குதளமொன்றில் மென்பொருள்களை இற்றைப்படுத்திக் கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது நிறுவியின் சாளரம் அழகாகத் திறந்தது. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்ற ஒரு வரியைக் காட்டியது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. எத்தனை முறை பொத்தானை அழுத்தியும் அதே வரிதான். வட்டு பழுதாகிவிட்டதென முடிவுசெய்து, உதவ வந்த இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அனைத்தையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவித் தந்தார். பதிவுகள் போயின. படியெடுத்து வேறிடத்தில் வையாத குற்றம் எம்முடையதே. அதனை எவர்மீதும் சுமத்த நாம் முயலவில்லை.

பின்னரே உண்மை தெரியவந்தது. டெபியன், உபுண்டு முதலான இயங்குதளங்களில் பொதியொன்று இரு கட்டங்களில் நிறுவப்படுகிறது: முதலில் அவிழ்க்கப்படும், பின்னர் ஒழுங்கமைக்கப்படும். இரண்டுக்கும் இடையில் மின்சாரம் நின்றால் அடியிலியங்கும் நிரல் தான் எந்நிலையில் நின்றது என்பதைத் தனது குறிப்பேட்டிலிருந்து அறியும். பணி இடையில் முறிந்ததென்றும் இன்ன கட்டளையைத் தந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமென்றும் அது வெளிப்படையாகவே சொல்லும். அந்தக் கட்டளை ஒரே வரி. ஆயின் அது முனையத்தில் உரைப்பது; எமக்கு முன்னிருந்த வரைகலைச் சாளரம் அச்சொற்களை விழுங்கிவிட்டுத் தன் சொந்த வாக்கியமொன்றை எமக்குத் தந்தது. பயனரை அச்சுறுத்தலாகாது என்பது அதன் நோக்கமாயிருத்தல் கூடும்.

மென்பொருட்டுறையிலே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ‘பொதி’ என்பது எமக்கு மிகவும் உவப்பானது. துறைமுகத்தைப் பாடிய பழம்புலவரும் பொதிகளைப் பாடினர். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பொருள்களிற் புலி முத்திரை பொறித்து, காவலிட்ட முற்றத்தில் குவித்த காட்சியைப் பட்டினப்பாலை தருகிறது. அம்முத்திரை அரசிறைக்காக இடப்பட்டது. மூடை சுமந்தவனுக்கு அதனால் விளைந்த நன்மை யாதென்று அறியோம். விவரம் என்பது தன்னளவில் மக்கள் சார்பானதன்று. அதனை வாசிக்கும் உரிமை யாருக்குரியது என்பதே கேள்வி. அழிந்துபோன பதிவுகளுள் ஒன்றில் முதியவர் ஒருவர் கூறியது எம் நினைவில் நிற்கிறது: சரக்குப் பட்டியல் கப்பல் முகவரிடம் இருக்கும், கங்காணியிடமும் ஒன்று இருக்கும், “எங்களுக்குக் கண் எரிஞ்ச பிறகுதான் மூடைக்குள்ள என்னெண்டு தெரியும்.”

டெபியன் வகைப் பொதி ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கோப்பு உண்டு. பொதியின் பெயர், பதிப்பெண், அதனைப் பேணுநர் பெயர், எந்த மூலத்திலிருந்து வந்தது, எவ்வகைக் கணினிக் கட்டமைப்பில் இயங்கும், வேறெவற்றைச் சார்ந்து நிற்கிறது, எவற்றோடு முரண்படும், நிறுவியபின் எவ்வளவு இடங்கொள்ளும், என்ன செய்யும் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். உரிமமும் ஆக்கியோர் பெயர்களும் தனி ஆவணமாக உடன்வரும். இதனை நன்னூலாரின் பட்டியலோடு ஒப்புநோக்குவார்க்கு வியப்புத் தோன்றாதிராது. ஆக்கியோனும் உண்டு, வழியும் உண்டு. உபுண்டு டெபியனின் வழிநூல் எனலாம். எல்லை என்பது கட்டமைப்பு. யாப்பு என்பதற்கு உரைகாரர் கூறும் பொருள், இன்ன நூலைக் கற்றபின் இந்நூல் கேட்கத்தக்கது என்னும் இயைபு. மென்பொருளார் ‘சார்பு’ என வழங்குவது இதுவே அன்றோ? இவ்வொப்புமையை நாம் அளவுக்கு மீறி நீட்ட விரும்பவில்லை. பலர் கூடிப் பகிர்ந்து பயன்கொள்ளும் ஆக்கம் எதற்கும் இத்தகைய முகவுரை இன்றியமையாதது என்பதை வெவ்வேறு காலத்தும் களத்தும் உழைத்த இரு சாராரும் தத்தம் தேவையினாற் கண்டுகொண்டனர், அவ்வளவே.

இப்பாயிரத்தைச் சாளரத்தின் முகப்பிலேயே விரித்துவைத்த கருவி சினாப்டிக். பிரேசில் நாட்டுக் கொனெக்டிவா நிறுவனத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இது, பொதியைத் தெரிவுசெய்தவுடன் அதன் விவரணம், சார்புகள், நிறுவப்பட்ட கோப்புகள், கிடைக்கும் பதிப்புகள் ஆகியவற்றைத் தனித்தனி ஏடுகளாகத் தந்தது. ஒன்றை நிறுவுமுன் உடன்வருவன எவை, நீக்கப்படுவன எவை, எவ்வளவு பதிவிறக்க வேண்டும் என ஒரு பட்டியலிட்டு இசைவு கேட்டது. பணி நடக்கையில் விவரங்களை விரித்து அடியில் நிகழ்வதை நேரே காணவும் வழிவைத்தது. அதன் தோற்றம் கவர்ச்சியானதன்று; பழைய கணக்குப்பிள்ளையின் பேரேடு போன்றது. எனினும் பேரேட்டைப் பார்த்து வினா எழுப்பலாம்.

2009 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 9.10 பதிப்பில் மென்பொருள் மையம் என்னும் புதிய சாளரம் அறிமுகமாயிற்று. அதன் முன்னோட்டப் பதிப்பில் அதற்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் ‘மென்பொருட் கடை’ என்பது. எதிர்ப்பு எழவே பெயர் மாறியது. பெயர் மாறினும் உருவகம் மாறவில்லை. அதுவரை களஞ்சியம் என வழங்கிய ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் பண்டங்களை அடுக்கிய கடையாயிற்று. அடுத்த ஆண்டு 10.10 பதிப்பில் விலைக்கு விற்கும் பகுதியும் சேர்ந்தது. 2011 அக்டோபரில் 11.10 பதிப்போடு சினாப்டிக் இயல்பாக நிறுவப்படும் நிரல்களின் வரிசையிலிருந்து அகற்றப்பட்டது. இம்மையம் பதிப்பெண்ணையும் அளவையும் உரிமத்தையும் அடியிற் குறித்தது என்பதை நேர்மை கருதிக் கூறல்வேண்டும். ஆனால் அதன் கருத்தியல் வேறோரிடத்தில் வெளிப்பட்டது. தேடற்பயன்களின் அடியில், இத்தனை ‘தொழினுட்ப உருப்படிகளைக்’ காட்டவா என்று கேட்கும் சிறிய இணைப்பொன்று இருந்தது. பொதிகள் இவ்வாறு இரு சாதிகளாயின: முன்வாசலால் வருவன ‘செயலிகள்’; பின்வாசலில் நிற்பன ‘தொழினுட்ப உருப்படிகள்’.

பின்வாசலில் நின்றவை எவையென நோக்கின் எமக்கு இதன் பொருள் விளங்கும். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளை உய்த்துணரும் டெசராக்ட் என்னும் கருவிக்குரிய தமிழ்த் தரவு ஒரு தனிப்பொதி. அசுபெல்லுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் இன்னொன்று. லோகித் தமிழ் எழுத்துரு, லிபர் ஆபீசின் தமிழ் இடைமுகம் ஆகியனவும் தனிப்பொதிகளே. இவற்றுட் பலவற்றுக்குத் தனிச் சாளரமில்லை, கவர்ச்சிப் படமில்லை. ஆகவே கடைக்கண்ணாடியில் இடமில்லை. ஆங்கிலம் அறிந்த பயனருக்கு அவர்தம் மொழி இயங்குதளத்தோடு இயல்பாகவே கூடிவருகிறது. தமிழருக்கோ மொழியே ‘தொழினுட்ப உருப்படி’ ஆகிவிடுகிறது. பழைய இதழ்களை மின்னூலாக்கும் பணியில் ஈடுபட்ட இளைஞரொருவர், தமிழுக்கு எழுத்துணரி இல்லையென்றே நீண்டகாலம் நம்பியிருந்ததை நாம் அறிவோம். அவர் கடையிற் தேடினார்; களஞ்சியத்தில் அது இருந்தது.

மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் பண்டத்தின் மாயத்தன்மையைப் பற்றிக் கூறியதை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். சந்தையிற் பண்டம் தானாக முளைத்ததுபோல் தோன்றுகிறது. அதை ஆக்கிய மனித உழைப்பும் உறவுகளும் கண்ணுக்குப் புலனாவதில்லை. கட்டற்ற மென்பொருள் விற்கப்படாமலே பண்டத்தின் இத்தோற்றத்தை மேற்கொள்கிறது என்பது நூதனமான முரண்பாடு. நிரலாக்கியவர் ஒருவர், அதைப் பொதியாக்கிப் பேணுபவர் இன்னொருவர், தமிழாக்கியவர் மற்றொருவர். பெரும்பாலும் ஊதியம் பெறாத இவர்களுள் கடைச்சாளரத்திற் பெயர் பெறுபவர், பெற்றால், முதலாமவரே. மொழிபெயர்த்தவர் பெயர் நிரலைத் திறந்தபின் ‘பற்றி’ என்னும் மூலையில் ஒளிந்திருக்கும். ஆக்கியோன் பெயரிருந்த இடத்தில் இப்போது ஐந்து விண்மீன்கள் ஒளிர்கின்றன.

இம்மறைப்பு பண்பாட்டுக் குறை மட்டுமன்று, ஆபத்துமாகும் என்பதை 2024 மார்ச்சு மாதத்து நிகழ்ச்சி காட்டிற்று. எக்ஸ்-இசட் என்பது தரவைச் சுருக்கும் சிறு கருவி. அதன் நூலகக்கோவை எண்ணற்ற கணினிகளில் அடித்தளமாக உள்ளது. பல்லாண்டாக அதை ஏறத்தாழத் தனியொருவரே பேணிவந்தார். அவர் களைத்திருந்த வேளையில், பணி தாமதமாவதாகக் குறைகூறிச் சில பெயர்கள் அவரை நெருக்கின. அவற்றின் நடுவே உதவியாளராக வந்த ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக்கதவொன்றை வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கான நிரல் நேரடியாக அந்நூலகத்தை வேண்டுவதன்று. சில இயங்குதளங்கள் இடையிற் சேர்த்த வேறொரு சார்பின் வழியாகவே அது உள்ளே வந்தது. யாப்பறியாதவருக்கு இது புலப்படாது. நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்த பொறியியலாளர் அன்றெஸ் ஃபுரொயிண்ட் மார்ச்சு 29ஆந் திகதி இதை உலகுக்கு அறிவித்தார். உறுதிப்பதிப்பாக வெளியிடப்பட்டிருந்த டெபியனை அது எட்டவில்லை. சோதனை நிலையிலிருந்தவற்றை எட்டியிருந்தது.

எந்தச் சாளரமும் இக்கள்ளக்கதவைக் கண்டுபிடித்திராது. நாம் கூறவருவது வேறு. அறிவித்தலுக்குப் பின்வந்த நாள்களில், எமது கணினியில் இருப்பது எப்பதிப்பு என்ற எளிய கேள்விக்கு விடை தேவைப்பட்டது. கடைச்சாளரத்தில் அப்பெயரைத் தேடிப் பயனில்லை, அது செயலியன்று. உலகமே ஒரு பொதியின் பதிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பெயரைத் தன் வாயால் உச்சரிக்காத கருவியே பலரது மேசையில் இருந்தது. 2018 மே மாதத்தில் உபுண்டுவின் சினாப் கடையில் விளையாட்டொன்றினுள் மின்னாணயம் அகழும் நிரல் ஒளிந்திருந்தது வெளிப்பட்டதும் இங்கு எண்ணத்தக்கது. கண்ணாடியில் அதுவும் மற்றவற்றைப்போலவே அழகாக இருந்தது.

எனவே வரைகலையை ஒதுக்கிக் கட்டளை வரிக்கு மீளவேண்டும் என வாதிப்பார் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. 2007 ஏப்பிரலில் வெளிவந்த டெபியன் 4.0 வரலாற்றில் முக்கியமானது. அதற்கு முன்னைய எழுத்துமுறை நிறுவியால் தமிழ் முதலான எழுத்துகளைத் திரையில் ஒழுங்குறக் காட்ட இயலவில்லை. வரைகலை நிறுவி சேர்க்கப்பட்ட பின்னரே டெபியனைத் தமிழ்வழி நிறுவ வழி பிறந்தது. கட்டளை வரியைப் புகழ்வோர், அது எம் மொழியைப் பேசாத அறை என்பதை மறந்துவிடுகின்றனர். ஆயின் அதே நிறுவியில் உண்மையாக நிகழ்வதைக் கூறும் பதிவேடு நான்காவது திரையில், விசைகளை அழுத்தித் திறக்கும் மறைவிடத்தில், ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இவ்விரட்டைநிலையே எமது பிரச்சினையின் மையம். முகமன் கூறும்போது சாளரம் தமிழ் பேசுகிறது. பிழை நேரும் கணத்தில், அஃதாவது மொழி உண்மையில் தேவைப்படும் கணத்தில், மௌனமாகிறது அல்லது ஆங்கிலத்துக்கு மாறுகிறது. கோயிற் கச்சேரியில் தமிழும் நீதிமன்றில் ஆங்கிலமுமாக வாழ்ந்த சமூகத்துக்கு இது புதிய அனுபவமன்று.

பொதுமக்களுக்கு விவரம் வேண்டாம், அது அவர்களைக் குழப்பும் என்பது மறைப்பை ஆதரிப்போர் இறுதியாகச் சரணடையும் வாதம். 1960களின் தொடக்கத்தில் எமது நாட்டில் உழைப்பாளரின் பேச்சுமொழியிற் படைக்கப்பட்டவற்றை இழிசனர் இலக்கியமென ஒதுக்கிய பண்டிதருக்கும் இவ்வாதிகளுக்கும் உடை வேறு, உள்ளம் ஒன்று. மக்கள் எதைத் தாங்குவர் என்பதை மக்களைக் கேளாமலே இருவரும் முடிவுசெய்கின்றனர். முற்கொடுப்பனவு அட்டையிற் தரவு வாங்கிப் பயன்படுத்தும் கிண்ணியா மாணவிக்குப் பதிவிறக்க அளவு நுட்பச் செய்தியன்று. அது அவளது பணம்.

எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் மறைப்பின் இன்னொரு வகையே. அவிழ்க்கப்படும் கோப்புகளின் பெயர்களை நூற்றுக்கணக்கில் ஓடவிட்டால் யாரும் வாசியார். பயனர் ஒரு முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் அம்முடிவுக்கு வேண்டியதைக் காட்டும் விவரமே பயனுள்ள விவரம் என்போம். நிறுவுமுன்: எவ்விடத்திலிருந்து, எப்பதிப்பு, எவ்வளவு, எவ்வுரிமம், யார் பேணுவது, உடன்வருவனவும் நீங்குவனவும் எவை. நிறுவுகையில்: இப்போது நடப்பது பதிவிறக்கமா, அவிழ்ப்பா, ஒழுங்கமைப்பா, மின்சாரத்தை நிறுத்தினால் கேடுண்டா. தவறும்போது: அடியிலுள்ள நிரல் சொன்ன சொற்கள் சொன்னவாறே, அவற்றின் தமிழ் விளக்கத்தோடும் படியெடுக்கத்தக்க வகையிலும். ஏனையவை ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கலாம், ஆனால் இருக்கவேண்டும்.

2021 செப்தெம்பரில் வெளியான குனோம் 41இன் மென்பொருட் சாளரம் இத்திசையில் ஓரளவு நகர்ந்துள்ளது. பதிவிறக்க அளவு, பாதுகாப்பு, வன்பொருட் பொருத்தம், வயதுத் தகுதி ஆகியவற்றைக் கட்டங்களாக முகப்பிலேயே தருகிறது. கட்டத்தைத் தொட்டால் காரணங்கள் விரிகின்றன. இது பாராட்டத்தக்கது. எனினும் ‘பாதுகாப்பற்றதாக இருக்கலாம்’ என்னும் தீர்ப்பு முன்னேயும் சான்று பின்னேயுமாக அமைந்திருப்பதில் எமக்கு ஐயமுண்டு. கோப்புகளைப் படிக்கும் அனுமதி வேண்டும் தொகுப்பிக்கும் தீய நோக்குடைய நிரலுக்கும் ஒரே முத்திரை விழலாம். சார்புகளும் பொதியைப் பேணுநர் பெயரும் அங்கும் முகப்பேறவில்லை.

வாசிகசாலைக் கணினியில் இப்போது சினாப்டிக்கை நிறுவியிருக்கிறோம். அதனருகே ஒற்றைறூள் கொப்பியொன்று நூலிற் கட்டித் தொங்குகிறது. எதை நிறுவினாலும் பெயர், பதிப்பு, அளவு, எங்கிருந்து வந்தது, எவற்றைச் சார்ந்தது, யார் பேணுவது என்று அதில் எழுதவேண்டுமென்பது மாணவர் தாமே வகுத்துக்கொண்ட விதி. முதற் பக்கத்தில், பணி இடையில் முறிந்தால் தரவேண்டிய அந்த ஒருவரிக் கட்டளை பெரிய எழுத்தில் உள்ளது. அழிந்த பதிவுகளை மீண்டும் எடுக்கத் தொடங்கினோம். கண் எரிந்த கதையைச் சொன்னவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் சொன்னதில் மேலே எழுதிய ஒரு வாக்கியமே எம்மிடம் உள்ளது.